படகில் வந்த மெக்கானிக்

மாலத்தீவு
23-4-1996

சத்தியமங்கலம் மல்லிகைத் தோட்டத்து மகாராணி லோகப்பிரியாவுக்கு,

முக்கிய அறிவிப்பு. ரேடியோ பாடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, எழுந்து நின்று படிக்கவும்.

கோயமுத்தூர் கணபதி, பம்புசெட் உற்பத்தியாளர் திரு. சென்னிமலை அவர்களின் ஒரே புத்திரனும், உன் தாய்மாமன் மகனும், பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்து ஓய்வில் இருப்பவனுமாகிய மோகன்குமார், இன்று காலை ஏழு நாற்பது மணியளவில் இந்தியப் பெருங்கடலுக்கு நேர் எதிரே நின்று பல் துலக்கினான். கொப்பளித்த தண்ணீர் கடலில் கலந்தது. கடல் மட்டம் உயர்ந்ததாக இதுவரை தகவல் இல்லை.

இப்போது உட்காரலாம்.

நாங்கள் எப்படி இங்கே வந்தோம் என்று அத்தை கேட்டிருப்பார். அப்பாவுக்கு மோட்டார் சுற்றும் செப்புக் கம்பி விற்கிற கம்பெனி, அதிகமாகச் சுற்றியவர்களுக்கு நான்கு நாள் மாலத்தீவு என்று பரிசு அறிவித்தது. அப்பா கம்பி சுற்றினார், நான் சுற்றுலா வந்தேன். இரண்டு பேருக்கு டிக்கெட். அம்மா, "றெக்கைய அடிக்காம பறக்கறதுல எல்லாம் நான் ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டதால் அதிர்ஷ்டம் என் பக்கம் பறந்தது. முதல் நாள் விருந்தில் அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டு, பொன் எழுத்தில் பெயர் அச்சடித்த கெட்டி அட்டை ஒன்று கொடுத்தார்கள். 'சிறந்த உற்பத்தியாளர் திரு. சென்னிமலை.' கண்ணாடி போட்டு ஒர்க்‌ஷாப்பில் மாட்டப்போகிறாராம். அதுவரை மஞ்சள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஒரு நாள் முழுக்க ஒரு யாட் எங்களுடையது. யாட் என்றால் பரிசல் இல்லை, பவானி ஆற்றுப் பெண்ணே. சொகுசு மோட்டார் படகு. உள்ளே சோபா, ஃப்ரிட்ஜ், கீழே படுக்கை அறை, கழுவித் துடைத்த மரத்தரை. செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட வேண்டும், கோயில் மாதிரி. ஒரு கேப்டன், இரண்டு ஆட்கள். இந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை வேலி போட்டிருக்கிறது. வேலிக்கு உள்ளே இருக்கிற கடலைக் காயல் என்கிறார்கள். அலையே கிடையாது. கண்ணாடி டம்ளரில் நன்னாரி சர்பத்துக்குப் பதில் பச்சை சர்பத் ஊற்றி வைத்தது போல் நிற்கிறது.

எங்களோடு பெங்களூர்க் குடும்பம் ஒன்றும் வந்தது. சென்னகேசவன் என்று கட்டிட கான்ட்ராக்டர், அவர் மனைவி கோமளா, மகள் பிரீத்திகா. பிரீத்திகாவுக்கு நம் வயது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். அதற்கு மேல் உனக்கு விவரம் தேவையில்லை.

நடுக்காயலில் எஞ்சின் நின்றுவிட்டது! கேப்டன் கையைப் பிசைந்தார். கோமளா ஆன்ட்டி கும்பிட ஆரம்பித்துவிட்டார். அப்போது பம்புசெட் பரம்பரையில் பிறந்த ஒருவன் எழுந்தான். அரை மணி நேரத்தில் எஞ்சின் உறுமியது. அந்த ஒருவன் யாரென்று சொல்லத் தன்னடக்கம் தடுக்கிறது. பிறகு கேப்டனே என்னைக் கூப்பிட்டு ஸ்டீயரிங்கைக் கொடுத்தார். கரை வரைக்கும் நான்தான்.

அப்பாவும் இருந்தார்.

இப்படிக்கு,
கேப்டன் மோகன்குமார்

பி.கு: ஸ்டாம்ப்பைக் கிழிக்காமல் வை. மீன் படம் போட்டது.


சத்தியமங்கலம்
6-5-1996

ஏனுங்க கேப்டன்,

எழுந்து நின்றுதான் படித்தேன். பூ பறித்துக்கொண்டிருந்ததால் உட்கார நேரமில்லை.

எனக்குச் சில சந்தேகங்களுங்க. போன பொங்கலுக்கு எங்கள் கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு வா என்று அம்மா அனுப்பினபோது, பச்சை பட்டனா சிவப்பு பட்டனா என்று வரப்பிலிருந்து கத்திக் கேட்டது யார்? ஸ்டார்ட்டர் 'டக்' என்றதும் வாழைக்குள் ஓடி விழுந்தது யார்? அந்த ஆள் நடுக்கடலில் எஞ்சினைப் பிரித்தானா? நீ கப்பல் ஓட்டி இல்லை, கப்சா ஓட்டி.

இன்னொன்று. மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். சோபாவுக்கு ஒரு வரி, ஃப்ரிட்ஜுக்கு ஒரு வரி, கறுப்புக் கண்ணாடிக்கு ஒரு வரி. என் மாமாவுக்கு 'அப்பாவும் இருந்தார்' என்று இரண்டே வார்த்தை. எஞ்சின் நின்றபோது மாமா என்ன செய்துகொண்டிருந்தார்? ஓடாத மோட்டார் பக்கத்து ஊரில் இருந்தாலே அவருக்குச் சோறு இறங்காதே?

ஃபோட்டோ எடுத்திருப்பாய். அனுப்பு. அம்மா பார்க்க வேண்டுமாம்.

லோகு


கோயமுத்தூர்
14-5-1996

நம்பிக்கை இல்லாத் தீர்மானம் கொண்டுவந்த லோகுவுக்கு,

சாட்சிகள் இணைக்கப்பட்டுள்ளன. முப்பத்தாறில் பன்னிரண்டு. மீதியில் என் கட்டை விரல் நன்றாக விழுந்திருக்கிறது.

ஐந்தாவது படத்தைப் பார். ஸ்டீயரிங்கில் இருப்பது யார்? தலையில் கேப்டன் தொப்பி யாருடையது? வாயை மூடு, ஈ நுழையும்.

வாழைக்குள் விழுந்ததை இன்னும் ஞாபகம் வைத்திருப்பது பண்பாடு இல்லை. அது கிணற்று மோட்டார். தரை விவகாரம். நான் கடல் ஆள்.

மாமா, மாமா என்று உயிரை விடாதே. நன்றாகத்தான் இருக்கிறார். காலையில் போனால் சாயந்திரம் வரைக்கும் ஒர்க்‌ஷாப். அந்தப் பொன் எழுத்து அட்டையைப் பற்றி அத்தை ஃபோனில் கேட்டாராமே, அது எங்கேயோ தொலைந்துவிட்டது. போன இடத்தில் சாமான் தொலைவது சகஜம்.

வெயில் கொளுத்துகிறது. வேறு செய்தி இல்லை.

மோகன்


சத்தியமங்கலம்
20-5-1996

மோகன்,

படங்கள் வந்தன. பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒன்பதாவது படத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறேன். அதில் ஓர் இடத்தில் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன் பார்.

நடுவில் மேஜை, வெள்ளை விரிப்பு, கண்ணாடி டம்ளர்கள். நீ, அந்தக் கான்ட்ராக்டர், அந்தம்மா, அந்தப் பெண். நான்கு பேரும் முள்கரண்டியைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறீர்கள். வட்டத்துக்குள் படகின் வால் பக்கம். அங்கே கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து, படகு ஆட்களோடு தூக்குப்போசியில் புளிசாதம் சாப்பிடுகிறவர் என் மாமாதானே? மேஜையில் ஐந்தாவது நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நான் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

பன்னிரண்டு படத்திலும் மாமா இருக்கிறது இந்த மூலையில் மட்டும்தான். அதுவும் எடுத்தவருக்குத் தெரியாமல் விழுந்திருக்கிறது.

அட்டை தொலைந்தது என்று எழுதியிருக்கிறாய். அம்மா மாமாவிடமே கேட்டார். "தொலையலீங்க அக்கா, நல்ல காரியத்துக்குப் பயன்பட்டுருச்சு" என்றாராம். என்ன காரியம் என்றால் சிரிக்கிறாராம்.

ஒருத்தர் தொலைந்தது என்கிறார், ஒருத்தர் பயன்பட்டது என்கிறார். யார் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். மாமாவுக்குப் பொய் சொல்ல வராது.

நடந்ததை எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

லோகப்பிரியா


கோயமுத்தூர்
26-5-1996

லோகு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை ஆரம்பித்தேன். நான்கிலும் முதல் வரி ஜோக்காக வந்தது. கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது. ஜோக் இல்லை.

அந்தப் படகை வாடகைக்குப் பிடித்தது அப்பா. எனக்காகத்தான். தேர்வு நன்றாக எழுதினால் ஒரு ஆசையை நிறைவேற்றுகிறேன் என்று சொல்லியிருந்தார். கரையில் அந்த வெள்ளைப் படகைப் பார்த்து நான் வாயைப் பிளந்ததும், போய்க் கேட்டு, காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பெங்களூர்க்காரர்களுக்கு அன்றைக்குப் படகு கிடைக்கவில்லை. அவர்கள் கரையில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, "பாவம், கூப்புடு கண்ணு, எடந்தான் கெடக்குதே" என்றதும் அப்பாதான். கூப்பிட நான் ஓடினேன். படகு எங்களுடையது என்று சொன்னேன். அதுவரை பொய் இல்லை.

அவர்கள் வந்து ஏறுவதற்குள் அப்பா காணாமல் போய்விட்டார். உனக்குத்தான் தெரியுமே. கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜெனரேட்டர் எங்கே என்று தேடிப் போகிற மனுஷர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக எஞ்சின் அறைக்குள் இறங்கிவிட்டார். நாங்கள் சோபாவில் உட்கார்ந்து ஜூஸ் குடிக்கும்போது தரையிலிருந்து ஒரு மூடி திறந்தது. அப்பாவின் தலை வந்தது. பிறகு கை. முழங்கை வரைக்கும் கறுப்பு எண்ணெய். முகமெல்லாம் சந்தோஷம்.

கோமளா ஆன்ட்டி புடவையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "உங்க மெக்கானிக்காப்பா?" என்றார்.

பிரீத்திகா கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை, லோகு. சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். மேலும் கீழும்.

அப்பா பாதிப் படியில் நின்றார். ஒரு கால் மேல் படியில், ஒரு கால் கீழ்ப் படியில். என்னைப் பார்க்கவில்லை. கோமளா ஆன்ட்டியைப் பார்த்து, "ஆமாங்கம்மா. தம்பியப் பாத்துக்கச் சொல்லி மொதலாளி அனுப்புனாருங்க" என்றார். மேல் படியிலிருந்த காலைக் கீழே இறக்கிக்கொண்டார்.

அன்றைக்குப் பூராவும் நான் தம்பி. "தம்பி, தண்ணி வேணுங்களா?" "தம்பி, வெயில்ல நிக்காதீங்க." ஒரே ஒரு தடவை, படகு திரும்பும்போது நான் தடுமாறினதும், "கண்ணு, புடிச்சுக்கோ" என்றார். உடனே "புடிச்சுக்குங்க தம்பி" என்று மாற்றிச் சொன்னார்.

எஞ்சின் நின்றது நிஜம். சரி செய்தது நான் இல்லை. அதை நீ முதல் கடிதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாய். ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, கேப்டனை ஒரு நிமிஷம் ஓட்டச் சொல்லிக் கேட்டார். கேப்டனுக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு அவர் பேச்சு தெரியாது. இரண்டு பேரும் பம்பு பாஷையில் பேசிக்கொண்டார்கள். எஞ்சின் சூடாகாமல் இருக்கக் கடல் தண்ணீரை இழுத்துவிடும் சின்னப் பம்பு ஒன்று உண்டாம். அதன் மூடிக்கு அடியில் இடுக்கை அடைக்கிற கேஸ்கட் கிழிந்து, தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்திருக்கிறது. மாற்றுக் கேஸ்கட் படகில் இல்லை. கெட்டியான காகிதம் வேண்டும் என்று சைகை செய்தார். டிஷ்யூ பேப்பரைத் தவிர ஒன்றும் இல்லை.

அப்பா மஞ்சள் பையை எடுத்தார்.

அந்த அட்டையைப் பம்பின் மேல் கவிழ்த்து வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரமெல்லாம் டொக் டொக் என்று தட்டினார். தட்டத் தட்ட ஓரம் வெட்டுப்பட்டு, கேஸ்கட் அப்படியே கழன்று வந்தது. இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி, மூடியைப் போட்டு முறுக்கினார். 'சிறந்த உற்பத்தியாளர்' தரையில் துண்டு துண்டாகக் கிடந்தது. 'திரு. சென்னிமலை' எஞ்சினுக்குள் போய்விட்டது. தரையில் கிடந்ததையும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாரும் எடுத்துப் படித்துவிடக் கூடாது என்று.

சென்னகேசவன் அங்கிள் என் தோளைத் தட்டி, "உங்கப்பா நல்ல ஆளாப் பாத்துதான் அனுப்பியிருக்கார்" என்றார்.

திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. அப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தொலைத்திருப்பேன். கேட்காமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், பெங்களூரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஜூன் ஒன்பதாம் தேதி இங்கே ஒரு கல்யாணத்துக்கு வருகிறார்களாம். அப்படியே 'உன் அப்பாவை' நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டுமாம். அன்றைக்கு அம்மா ஈரோட்டுக் கல்யாணத்தில் இருப்பாள். கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். படித்தார். மடித்தார். "அன்னைக்கு நான் ஒர்க்‌ஷாப்புலயே இருந்துக்கறேன் கண்ணு" என்றார்.

ஸ்டீயரிங் பிடித்தது மட்டும் நிஜம். மற்றதெல்லாம் கப்சா. நான் என்ன செய்யட்டும்?

மோகன்


சத்தியமங்கலம்
30-5-1996

மோகன்,

படித்துவிட்டுக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். பிறகு அங்கேயும் வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். அம்மாவிடம் காட்டவில்லை. தம்பியை இப்படிச் செய்தாய் என்று தெரிந்தால் அவர் கோயமுத்தூருக்கு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்.

திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். நீயே உன்னை நன்றாகத் திட்டிக்கொண்டிருக்கிறாய், எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

செய்ய வேண்டியது ஒன்றுதான். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் மாமாவின் பக்கத்தில் போய் நில். "இவர்தான் எங்கப்பாங்க." அவ்வளவு போதும். காரணம் சொல்லாதே, வசனம் பேசாதே, முக்கியமாக ஜோக் அடிக்காதே. அந்தப் பெண் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பெங்களூர் பெங்களூரிலேயே இருக்கும். மாமா உன் வீட்டில் இருப்பார்.

தலையை ஆட்டத் தெரிந்தவனுக்கு வாயைத் திறக்கவா தெரியாது?

லோகு


கோயமுத்தூர்
10-6-1996

அன்பும் அறிவும் நிறைந்த என் அத்தை மகளுக்கு,

முக்கிய அறிவிப்பு. இந்த முறை நிஜமாகவே எழுந்து நிற்கவும்.

சொல்லிவிட்டேன்!

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். காப்பி வந்தது. சென்னகேசவன் அங்கிள், "அப்பா எங்கேப்பா?" என்றார். நான் எழுந்தேன். நேராக ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தேன். லேத்துப் பட்டறையில் நின்ற அப்பாவின் கையைப் பிடித்து, காக்கிச் சட்டையோடும் கறுப்புக் கையோடும் கூடத்துக்கு அழைத்து வந்தேன். "இவர்தான் எங்கப்பாங்க. அன்னைக்கு நான் சொன்னது பொய்யுங்க" என்றேன். குரல் நடுங்கவில்லை. வேண்டுமானால் சுவரில் இருந்த பல்லியைக் கேள், அதுவே ஒரு நிமிஷம் அசையாமல் கேட்டது.

கோமளா ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கிள் அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிரீத்திகா என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை தெரிந்தது.  

உன் யோசனைக்கு நன்றி. இனி இந்த விஷயத்தை நாம் இருவரும் மறந்துவிடலாம். மறுபடி இதைப் பற்றி எழுத வேண்டாம், சரியா?

வெற்றி வீரன்,
மோகன்


சத்தியமங்கலம்
20-6-1996

மோகன் கண்ணு,

ஆமாம், கண்ணுதான். உன்னை அப்படிக் கூப்பிட இன்றைக்கு எனக்கு மனசு வந்திருக்கிறது. அனுபவித்துக்கொள்.

மறந்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். நான் எப்படி மறப்பேன்? அம்மாவிடம் கடைசிப் பகுதியை மட்டும் சொன்னேன், முன்கதை இல்லாமல். விருந்தாளி முன்னால் அப்பனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து நிறுத்தினான் என்று. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு உன் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை மாமா வந்திருந்தார். எங்கள் கிணற்று மோட்டாரில் சத்தம் வருகிறது என்று சொல்லியிருந்தோம். புதுச் சட்டை போட்டிருந்தார். வெளிர் நீலத்தில் கோடு போட்டது. அவருக்கு அது ரொம்ப எடுப்பாக இருந்தது. "ஏனுங்க மாமா, தீபாவளிக்கு இன்னும் நாளிருக்குதே?" என்றேன். "பெங்களூர்க்காரங்க துணி எடுத்துக் குடுத்தாங்க அம்மணி" என்றார். உன் அப்பா என்று தெரிந்ததும் எவ்வளவு மரியாதை செய்திருக்கிறார்கள் பார்!

தோட்டத்தில் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "மாமா, மோகன் எல்லார் முன்னாடியும் சொன்னானாமே, இவர்தான் எங்கப்பான்னு?" என்று கேட்டேன்.

மாமா ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து மோட்டார் மேல் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "ஆமா அம்மணி. நல்லாச் சொன்னான். எல்லாரும் கேக்கற மாதிரி சத்தமாச் சொன்னான்" என்றார்.

அவர் சந்தோஷத்தில் தடுமாறிப் போயிருந்தார், மோகன். மோட்டார் அப்போது ஓடவே இல்லை. ஸ்விட்சை நான்தான் அணைத்து வைத்திருந்தேன். அதைக்கூடக் கவனிக்காமல் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நீ செய்தது பெரிய காரியம். கப்சா ஓட்டி என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

லோகு


கோயமுத்தூர்
24-6-1996

லோகு,

வாபஸ் வாங்காதே.

உன் கடிதம் காலையில் வந்தது. ஓடாத மோட்டாரில் அப்பா என்ன கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். அவருக்குப் பொய் சொல்ல வராது என்று நீ எழுதியிருந்தாய். வரும். எனக்காக மட்டும் வரும். படகில் முதல் தடவை. உன் கிணற்றடியில் மூன்றாம் தடவை. நடுவில் ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சொல்லவில்லை.

ஒன்பதாம் தேதி காலையில் எழுந்ததும் ஒர்க்‌ஷாப் ஆபீஸ் அறைக்கு ஓடினேன். உனக்கு அந்தப் படம் தெரியும். ஒர்க்‌ஷாப் திறப்பு விழாவில் மாலை போட்டுக்கொண்டு அப்பா, அம்மா, அப்பாவின் தோளில் மொட்டைத்தலையோடு நான். அவர்கள் கண்ணில் பட்டால் மாட்டிக்கொள்வேன், அதைக் கழற்றி ஒளித்து வைக்க வேண்டும் என்று போனேன். ஆம், உன் கடிதத்தைப் படித்த பிறகும். அதுதான் நான்.

படம் அங்கே இல்லை. சுவரில் சதுரமாக வெளுப்பு மட்டும் இருந்தது. எனக்கு முன்னாலேயே அப்பா கழற்றிவிட்டார்.

அந்தச் சுவரைப் பார்த்தபோதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அப்பாடா என்றுதான் இருந்தது.

வந்தார்கள். "அப்பா எங்கேப்பா?" என்றார் அங்கிள். நான் வாயைத் திறந்தேன். உன் இரண்டு வார்த்தையும் நாக்கு வரைக்கும் வந்து நின்றது. பிரீத்திகா எங்கள் வீட்டு ஷோகேஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஈரோடு போயிருக்காருங்க அங்கிள்" என்றேன். ஒர்க்‌ஷாப்பையாவது பார்க்கலாமே என்றார். அழைத்துக்கொண்டு போனேன்.

அப்பா லேத்திலிருந்து நிமிர்ந்து, "வாங்க, வாங்க. மொதலாளி இல்லீங்களே" என்றார். அவராகவே ஒவ்வொரு மிஷினாகக் காட்டினார். மொதலாளி அதை வாங்கினார், மொதலாளி இதை ஆரம்பித்தார் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டு வந்தார். அங்கிள் பையிலிருந்து சட்டைத் துணி ஒன்றை எடுத்து, "அன்னைக்குக் காப்பாத்தினதுக்கு" என்று நீட்டினார். அப்பா கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். "ரொம்ப சந்தோஷமுங்க." வெளிர் நீலத்தில் கோடு போட்டது. மரியாதை இல்லை லோகு, மெக்கானிக்குக்கு இனாம்.

அதைத் தைத்துப் போட்டுக்கொண்டுதான் உன் வீட்டுக்கு வந்திருக்கிறார். துணி நன்றாக இருக்கிறதாம், வீணாக்கக் கூடாதாம்.

போகும்போது பிரீத்திகா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "உனக்கும் உங்க மெக்கானிக்குக்கும் ஒரே மாதிரி காது, கவனிச்சிருக்கியா?" தெரிந்துதான் கேட்டாள். படகிலேயே தெரிந்திருக்கிறது. நான் யாருக்கு முன்னால் வேஷம் போட்டேனோ அவளுக்கு முதல் நாளே வேஷம் தெரியும். நான் அதற்கும் தலையை ஆட்டினேன். இந்தத் தடவை எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று ஞாபகம் இல்லை.

இன்றைக்கு உன் கடிதத்தைப் படித்ததும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். படம் பீரோவுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி இருந்தது. துடைத்து மாட்டினேன். அப்பா வந்து பார்த்தார். "லோகு எழுதியிருக்காளுங்கப்பா" என்றேன். அவர், "அப்படியா" என்றார். பிறகு படம் கோணலாக இருக்கிறது என்று, ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஆணியை ஒரு தட்டுத் தட்டி நேராக்கினார். நான், "அப்பா" என்றேன். "என்ன கண்ணு?" என்றார். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அவரும் ஆணியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இதோடு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். பெங்களூர் விலாசம். ஒட்டவில்லை, நீ படிக்கலாம். நான்கு வரிதான், ஜோக் இல்லை. தபால் பெட்டி வரைக்கும் இரண்டு தடவை கொண்டுபோய்த் திரும்பி வந்துவிட்டேன். சத்தியமங்கலத்திலிருந்து போட்டால் என்னால் திரும்பி எடுக்க முடியாது. போட்டுவிடு. யோசிக்காமல் போட்டுவிடு. போட்டாயிற்று என்று உன் கடிதம் வந்ததும் அப்பாவிடம் நானே சொல்கிறேன். எழுதிக் கொடுத்தாவது சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஸ்டீயரிங் பிடித்தது மட்டும் நிஜம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அந்தப் படம் படகு கிளம்புவதற்கு முன்னால், கரையில் கயிறு கட்டி இருக்கும்போது எடுத்தது. தொப்பி கேப்டனுடையது. எஞ்சின் மறுபடி ஓட ஆரம்பித்ததிலிருந்து கரை சேரும் வரைக்கும் நான் கீழ் அறையில் குப்புறப் படுத்திருந்தேன். அலையே இல்லாத, சர்பத் மாதிரி நின்ற தண்ணீரில், உன் கேப்டன் அன்றைக்கு முழுசாகச் செய்து முடித்த ஒரே வேலை வாந்தி எடுத்தது.

அதையும், "நீங்க படுங்க தம்பி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, தன் துண்டால் துடைத்தது மெக்கானிக்தான்.

மோகன்